ஸ்டிக்கர் பிய்க்காத சேலை

தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பது நேற்றுப் போனிலேயே தெரிந்தது. நான் சௌக்கியமாக இல்லை என்பது உனக்குப் போனில் தெரிந்திருக்காது. என் குரல் போனில் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். அது வெகுநாள் பழக்கம், அதற்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. எழுத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

"அம்மா, எனக்கு ரீஃபண்ட் வந்திருச்சு. மொத ரீஃபண்ட். தலதீபாவளிக்கு எங்க வாங்குனா லாபம், எப்படி வாங்குனா லாபம், எல்லாம் நீதான் சொல்லணும். ஆஃபர் மகாராணி நீதானே" என்றாய். "ஆலோசனைக்கு ஜிஎஸ்டி தனி" என்றேன். நீ சிரித்தாய். "நாலு வரி எழுதி அனுப்புறேன், வரி கட்டுறவளுக்கு வரிக்கா பஞ்சம்" என்றும் சொன்னேன். அதற்கும் சிரித்தாய். போனை வைத்த பிறகு உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னுமா சொல்லல?" என்றார். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குத் தெரிந்த பாடம், அதைச் சொல்லும்போது வெட்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும். ரீஃபண்ட் என்பது யாரோ தந்த பணம் இல்லை தம்பி. அது உன் சம்பளம்தான், கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருகிறது. ஆனால் அது வரும்போது சம்பளம் மாதிரி வருவதில்லை, லாட்டரி மாதிரி வருகிறது. அந்த வேஷத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். பிப்ரவரி மாதம் எங்கள் வாத்தியார் கூட்டத்துக்கு விரத மாதம் என்பது உனக்குத் தெரியும். வருஷம் முழுக்கப் பிடிக்க வேண்டிய வரியை அந்த ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார்கள். போன பிப்ரவரியில் வீட்டுக் கடனின் வட்டிச் சான்றிதழை வங்கியில் வாங்கி ஆபீசில் கொடுக்காமல் விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க ரசமும் அப்பளமுமாக ஓட்டினோம், உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே பணம் ஆடி மாதம் திரும்பி வந்து சேர்ந்த அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். என் பணத்தை எனக்கே கொடுத்ததற்கு ஊருக்கு இனிப்பு! பிப்ரவரியில் வந்திருந்தால் அது பருப்பு வாங்கியிருக்கும். ஆடியில் வந்ததால் அது ஆட்டம் போட்டது.

அடுத்த பாடம், தள்ளுபடி. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். தள்ளுபடி என்றால் தள்ளி நின்று படி என்று அர்த்தம். போர்டில் பெரிய எழுத்தில் இருப்பதைக் கிட்டப் போய்ப் படிக்காதே, தள்ளி நின்று அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படி. ஆடிக்கு முந்தின வாரமே புதுக்கோட்டைக் கடைகளில் ஸ்டிக்கர் மாறிவிடும். ஆனியில் நாலாயிரத்துச் சொச்சம் போட்டிருந்த சேலை ஆடியில் எட்டாயிரத்துச் சொச்சம் ஆகி, அதிலிருந்து பாதி குறைந்து, மறுபடி நாலாயிரத்துச் சொச்சமாகும். மலையேறி இறங்கின மாதிரி இருக்கும், நின்ற இடத்தில்தான் நின்றிருப்போம். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்தவள் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் உன் பூட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்பில் ஒரு ஜோடி வாங்கினால் ஒரு ஜோடி இலவசம் என்றார்கள். உன் அளவில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று இரண்டு சைஸ் பெரிது. அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று வாங்கினேன். முதல் ஜோடி மழையில் வாயைப் பிளந்ததும் பெரியதைப் போட்டுவிட்டு, முனையில் பேப்பரைத் திணித்து அனுப்பினேன். விளையாட்டு விழாவில் நீ ஓட, ஒரு பூட்ஸ் மட்டும் உன்னை முந்திக்கொண்டு பறந்தது. மைதானமே சிரித்தது. பெற்றவள், அதே பள்ளியின் டீச்சர், முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எம்புள்ள செகண்டு, பூட்ஸ் ஃபர்ஸ்ட்டு!" என்று கத்தினேன். அந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள் உன்னை ராக்கெட் என்று கூப்பிட்டார்கள். இதை நான் நாற்பது வீட்டில் வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன். நீ ஒரு வீட்டில்கூடச் சொன்னதில்லை என்பதைப் போன வாரம்தான் யோசித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றிப் போகிறேன் என்று நீ நினைப்பாய். ஆமாம், சுற்றுகிறேன்.

உங்கள் கல்யாணம் முடிந்து முதல் ஆடி. சம்பந்தி வீட்டில் பதினெட்டாம் பெருக்குக்கு உங்களை ஆவுடையார்கோவிலுக்கு அழைத்திருந்தார்கள், எங்களையும் வரச் சொன்னார்கள். வெறுங்கையோடு போக முடியாது. கையில் ரீஃபண்ட் இருந்தது. உன் அப்பாவோடு புதுக்கோட்டை போனேன். பாதி விலைத் தள்ளுபடி, அதற்கு மேல் ஒரு சேலை வாங்கினால் ஒரு சேலை இலவசம். இரண்டும் ஒரே டிசைன். எனக்கு மாம்பழ நிறம், சம்பந்திக்குக் கத்தரிப்பூ நிறம். காசு கொடுத்தது எனக்கு, ஓசியில் வந்தது அவருக்கு. இரண்டிலும் எட்டாயிரத்துச் சொச்சம் என்று ஸ்டிக்கர். ஒரு சேலைக்கு நான் உண்மையில் கொடுத்தது அதில் கால் பங்குதான்.

வீட்டுக்கு வந்து தட்டில் அடுக்கும்போது உன் அப்பா சொன்னார், "அந்த ஸ்டிக்கர மொதல்ல பிய்யி."

"எதுக்கு?"

"வெல போட்டதக் குடுப்பாகளா யாராச்சும்? அதுலயும் அந்த வெலைக்கா நாம வாங்குனோம்?"

"நான் பொய் சொல்லலையே. ஸ்டிக்கர் சொல்லுது. அது கடைக்காரன் பொய், எனக்கு அதுல பங்கில்ல."

"ஏய், வெளையாடாத."

"இருக்கட்டுங்க. சம்பந்தி அசந்து போகட்டும். ஒரு நாளைக்கு நானும் எட்டாயிர ரூவா மகாராணியா இருந்துட்டுப் போறேனே" என்றேன். அதோடு நிற்கவில்லை. மடிப்புக்குள் போய்விட்ட ஸ்டிக்கரை வெளியே தெரிகிற மாதிரி மடித்து வைத்தேன். அதற்காகச் சேலையை இரண்டு முறை பிரித்து மடித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. மறதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

தட்டை வாங்கிய சம்பந்தியின் கண் ஸ்டிக்கரில் நின்று நகர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதானே நின்றிருந்தேன். "எதுக்கு டீச்சரம்மா இம்புட்டு?" என்றார். "ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்" என்றேன். பஸ்ஸில் வரும்போது உன் அப்பாவின் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சிரித்தேன்.

நம் பக்கத்துச் செய்முறை பற்றி உனக்குப் பாதி தெரியும். நீ எட்டாவதுக்குப் பிறகு விடுதியிலும் வெளியூரிலும் வளர்ந்தவன். மற்ற பாதியைச் சொல்கிறேன். நம் ஊரில் கொடுப்பது கொடுப்பதோடு முடிவதில்லை. வந்ததற்குச் சமமாகத் திரும்ப வேண்டும், சமத்துக்கு மேல் ஒரு பிடியாவது கூட இருக்க வேண்டும். குறைந்தால் ஊர் பேசும். அதிலும் பெண் கொடுத்தவர்கள் குறைத்தால் பெண்ணின் காதில் விழுகிற மாதிரிப் பேசும். ஆகையால் நான் கொடுத்தது சேலை இல்லை. எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முப்பது வருஷம் கேள்வித்தாள் தயாரித்தவளுக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். தோன்றியது, தோன்றி, என்ன திருப்பிச் செய்வார்கள் என்று ஓர் ஆசையும் ஓரத்தில் இருந்தது.

ஆவணியில் மாடி அறைக்குப் பால் காய்ச்சினோம். நீதான் லீவு கிடைக்காமல் வரவில்லை, என் மருமகள் சங்கீதாவை மட்டும் அனுப்பினாய். சம்பந்தி வீட்டார் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அரிமளத்தில் நம் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு அறந்தாங்கியில் எடுத்த அசல் பட்டு. உன் அப்பாவுக்குப் பட்டு வேட்டி. பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பழத்தட்டுகள். என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஓசிச் சேலைக்கு அசல் பட்டு! என் வாழ்க்கையிலேயே இப்படி ஓர் ஆஃபர் வந்ததில்லை என்று மனசுக்குள் குதித்தேன்.

அப்போதுதான் சம்பந்தியின் காதைப் பார்த்தேன். கல்யாணத்தில் கல் வைத்த தோடு போட்டிருந்தாரே, சிவப்புக்கல், பெண்பார்க்கப் போன அன்றைக்கே நான் கவனித்தது. அது இல்லை. துவாரத்தில் காதுக்கொரு ஈர்க்குச்சித் துண்டு. எனக்கு வாய் நமநமத்தது. கூட்டம் வேறு இருந்தது. கூட்டம் இருந்தால் எனக்கு நாக்கு நிற்காது.

"என்ன சம்பந்தி, காது காத்தாட இருக்கு? தோட்டுக்கும் தடைக்காலமா?" என்றேன்.

சங்கீதாவின் அப்பா ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கடலுக்குப் போகாது, ஐஸ் விற்காது, பாதிச் சம்பளம்தான். அதை வைத்து அந்தப் பகடி. எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். "திருகு கழண்டுருச்சு டீச்சரம்மா, ஆசாரிகிட்டக் குடுத்துருக்கேன்" என்றார். "பாத்துங்க, ஆசாரி திருகிருவாரு" என்று அதற்கும் ஒன்று போட்டேன். அதற்கும் சிரிப்பு. சங்கீதா மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுறுசுறுப்பான பெண், நம் வீட்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள் என்று பெருமையாக நினைத்தேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். நீ ஓசூர் திரும்பிய பிறகு அவள் நாலு நாள் எங்களோடு இருந்தாள் இல்லையா, அப்போது பீரோவில் துணிகளை எடுத்து ஒதுங்க வைத்தோம். அவள் மாம்பழ நிறச் சேலையை எடுத்தாள். அவள் அம்மாவுக்குக் கொடுத்த அதே கரை, அதே புட்டா. அதில் ஸ்டிக்கர் மட்டுமில்லை, 'ஒன்றுக்கு ஒன்று' என்ற சிவப்புச் சீட்டும் தொங்கியது. ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அத்தை, இது என்ன வெல?"

எனக்குக் குஷி. பாடம் கேட்க ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது. உட்கார வைத்து முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். கடைக்காரன் குரல், உன் அப்பா குரல், மடிப்பை வெளியே எடுத்த சாமர்த்தியம், எல்லாம். "ஸ்மார்ட்டா வாங்குறதுன்னா இதாம்மா. காசு கம்மி, கெத்து ஜாஸ்தி. ஒங்க அம்மா மொகத்தப் பாக்கணுமே அன்னைக்கு!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சேலையை மடித்தாள்.

"அம்மா தோட்ட அடகு வச்சிருச்சு அத்தை" என்றாள். "ஸ்டிக்கரப் பாத்துட்டுத்தான். அப்ப இலங்கை நேவிக்காரக ரெண்டு போட்டப் புடிச்சுட்டாகன்னு கடலுக்கே யாரும் போகல, பிளான்ட்டு மூடிக் கெடந்துச்சு. அப்பா, கையில இருக்கறத வச்சுச் செய்வோம்னுதான் சொன்னாரு. அம்மாதான், டீச்சரம்மா எட்டாயிரத்துக்குச் செஞ்சிருக்காக, நாம கொறச்சா எம்புள்ளைய எளப்பமாப் பாப்பாகன்னு..."

நம் பேச்சில் ஏமாற்றுவதைக் காது குத்துவது என்போம். அதைத்தான் செய்திருக்கிறேன், தோடு இருந்த காதிலேயே. குத்திவிட்டு, ஏன் காலியாக இருக்கிறது என்று ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டிருக்கிறேன்.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க அத்தை. எங்க அம்மான்னா அப்படி இப்படின்னு அங்க எல்லார்ட்டயும் ஒங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாரு" என்றாள். அந்தச் சின்னப் பெண், தன் தாயின் காதை விட்டுவிட்டு என் கௌரவத்தைக் காப்பாற்றப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, நானே எழுதுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். சம்பந்தியிடமும் கேட்டுவிட்டேன். எங்கே, எப்போது என்று சொல்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, அறந்தாங்கி போய் பஸ் மாறி ஆவுடையார்கோவில் போனேன். கவரில் பணம் வைத்திருந்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னால் அவரும் சிரிப்பார், நானும் சிரித்துக்கொண்டே தப்பிக்கலாம் என்று. சீரியஸாக மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. உன்னிடம்கூட நான் கேட்டதில்லை, யோசித்துப் பார்.

சம்பந்தி கூடத்தில் பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க வாங்க டீச்சரம்மா, சொல்லிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே. இங்கிட்டு உக்காருங்க, ஃபேனுக்கு நேரா." நான் தடுப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வடையும் கலர் சோடாவும் வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டார். அந்தக் காசு போவதைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது.

சொன்னேன். ஓசிச் சேலை என்றேன். ஸ்டிக்கரை வேண்டுமென்றே வெளியே வைத்தேன் என்றேன். அவர் மறுபடி உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தார். ஒரு கொத்தை முடித்தார்.

"அப்ப அது எம்புட்டு பெறும்?"

சொன்னேன்.

"ம். சேல நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கவரை எடுத்துப் பாயில் வைத்தேன். கீரைக் கையாலேயே அதை என் பக்கம் தள்ளினார். "வேணாங்க. இதை வாங்குனா, சம்பந்தி காசுல மீட்ட தோடுன்னு ஆகிப் போகும். எம் மகளுக்குக் கடைசி வரைக்கும் அது குத்திக்கிட்டே கெடக்கும். இப்ப போட்டு போகுது, பிளான்ட்டு ஓடுது. நாங்களே மீட்டுக்குவோம்."

"தப்புப் பண்ணிட்டேன் சம்பந்தி."

"காசு போவுது வருது டீச்சரம்மா. அதுக்கு இல்ல." உருவிய காம்பை ஒதுக்கிப் போட்டார். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி காதக் கேட்டீக பாருங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய? ஆனா வீட்டுக்கு வந்தும் அது எறங்கல. இவரு கேட்டாரு, என்ன ஒரு மாதிரி இருக்கேன்னு. பஸ்ஸு குலுக்கிருச்சுன்னேன்."

நான் அழுதேன். நான் அழுது நீ பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. கீரைக் காம்பை என் கையில் ஒரு கொத்து கொடுத்து, "உருவுங்க" என்றார். இரண்டு பேரும் உருவினோம்.

அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். "எனக்குப் பயமா இருக்குறது பழசு இல்லீங்க, வரப்போறது. நீங்க செஞ்சீக, நாங்க கூடச் செஞ்சோம். இப்ப மொறை ஒங்களுது. தலதீபாவளிக்கு நீங்களும் வருவீக. அதுக்கு மேல ஒரு பிடி கூட்டித் தூக்கிட்டு வருவீக. அப்புறம் நாங்க என்னத்த வைக்கிறது?"

இதற்கு என்ன பதில்? ஒன்றும் கொண்டு வர மாட்டேன் என்று சொல்ல முடியாது, அது உறவை முறிக்கிற மாதிரி. சமமாகக் கொண்டு போனால் இந்த ஏணி ஏறிக்கொண்டே போகும். இதை நிறுத்த ஒரே வழி, முறை வந்தவர் குறைத்துச் செய்வது. எல்லார் கண்ணிலும் படும்படி குறைத்துச் செய்வது. அவர்கள் குறைத்தால் பெண்ணுக்கு இளப்பம். நான் குறைத்தால் எனக்கு மட்டும்தான் இளப்பம்.

"சம்பந்தி, நான் தேங்கா, வெத்தல பாக்கு, பழம், ஒங்களுக்கு ஒரு கைத்தறிச் சேல. அம்புட்டுத்தான் கொண்டு வருவேன்" என்றேன். "வெலையக் கேட்டா எல்லாரு காதுலயும் விழுற மாதிரிச் சொல்லுவேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க அண்ணந்தம்பி எல்லாம் இருப்பாகளே. வாய் சும்மா இருக்காதே. பட்டு வாங்கிக்கிட்டு நூலக் கொண்டாந்திருக்காக பாரு, வாத்தியாரம்மா பிசினாறின்னு சொல்லுவாகளே."

"சொல்லட்டும்."

"எனக்குக் கேக்கச் சங்கடமா இருக்குமே."

"நீங்க சிரிங்க" என்றேன். "ஒரு தடவ நான் சிரிச்சேன்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். கை கழுவும்போது, இதை உனக்கு எழுதப் போகிறேன், நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதினாலும் எழுதுவேன், பெயர் போடாமல், என்று கேட்டேன். "எழுதுங்க. மடிப்பு மாத்துன எடத்த விட்டுறாதீக" என்றார். விடவில்லை.

ஆகவே தம்பி, உன் ரீஃபண்டைப் பற்றி. நீ இதைப் படித்ததும் உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணத்தை எடுத்துத் தோட்டை மீட்கப் பார்ப்பாய். கூடாது. சம்பந்தி சொன்ன காரணம் உனக்கும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால், அம்மா தட்டு வெறிச்சென்று இருக்குமே என்று நீ பின்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாய். அதுவும் கூடாது. நீ ஒரு பிடி கூட்டினால் நான் குறைத்தது வீண். உங்கள் வீட்டுச் சமையலறையில் புகை போக வழியில்லை, சங்கீதா தாளிக்கும்போதெல்லாம் இருமுகிறாள் என்று ஆனியில் வந்தபோதே பார்த்தேன், பார்த்துவிட்டு அதையும் கிண்டல் செய்தேன். புகையை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று வாங்கி மாட்டு. தள்ளுபடிக்குக் காத்திருக்காதே, முழு விலை சொன்னாலும் வாங்கு. மீதியைத் தொடாதே. பிப்ரவரி உனக்கும் வரும். எனக்கு எதுவும் வாங்காதே. வாங்கினால், யாருக்கு வாங்கினாலும், கொடுக்கும் முன் விலையைப் பிய்த்துவிடு. வாங்கியவர் வீட்டில் அந்த எண் என்ன வேலை செய்யும் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் எனக்கு இரண்டு மடங்கு வெட்கம்.

தீபாவளி அன்று நீ மாப்பிள்ளையாக நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாய். உன் அம்மாவின் தட்டு லேசாக உள்ளே வரும். உன் மாமியாரின் அண்ணன் தம்பிகள் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் சொல்வார். நன்றாகவே சொல்வார், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாக்கு என்னைவிட நீளம். உனக்கு முகம் சிவக்கும். நீ எழுந்து எனக்காகப் பேசக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் அந்தத் தோடு கூடத்துக்கு வந்துவிடும். உன் அப்பா பேச மாட்டார், அவரைப் பற்றிப் பயமில்லை.

பயம் என்னைப் பற்றித்தான். அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தோன்றும். அதைவிடச் சுருக்கான பதில், கூடமே சிரிக்கிற பதில். அது நாக்கு நுனிக்கு வரும், என்னால் அதை விழுங்க முடியுமா என்று தெரியவில்லை. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு. உனக்குத் தெரியும், வாயைத் திறக்கும் முன் என் இடது புருவம் ஏறும். ஏறினால், "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிடு. வேறொன்றும் வேண்டாம். நான் அடங்கிவிடுவேன்.

அம்மா